கத்தரிக்கு இன்னொரு பிரதி வேண்டும்: ஸ்கிராப்புக் தொழில் வளர்ந்ததும் சுருங்கியதும்

ஒரு புகைப்படத்தைக் கத்தரியால் வெட்ட மனம் வர வேண்டுமென்றால், அதே படத்துக்கு இன்னொரு பிரதி எங்காவது பத்திரமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஸ்கிராப்புக் என்ற ஒட்டுப் புத்தகத்தைச் சுற்றி ஒரு பெருந்தொழில் எழுந்ததற்கும் பிறகு அது சுருங்கியதற்கும் குடும்பப் பாசம், மத நம்பிக்கை, செல்போன் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கதையை அந்த இரண்டாவது பிரதியிலிருந்து தொடங்கினால்தான் மற்றவை தத்தம் இடத்தில் வந்து உட்காரும் என்று நினைக்கிறேன்.

1970-களின் பிற்பகுதியில் ஜப்பானின் நோரிட்சு நிறுவனம், சிறு கடைக்குள் அடங்கிவிடும் புகைப்பட அச்சு இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிலிம் சுருளைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் ஊர் சுற்றிவிட்டு வந்தால் படங்கள் தயார். கடைகள் பெருகின, பெருகியதும் போட்டி, போட்டி வந்ததும் ஒரு பிரதிக்குக் காசு கொடுத்தால் இன்னொன்று இலவசம் என்றார்கள். 36 படச் சுருள் 72 பிரதிகளாக வீட்டுக்கு வந்தது. ஒன்று ஆல்பத்துக்கு, மற்றது உறவினருக்கு என்பதுதான் யோசனை. உறவினருக்கு அனுப்பியவர்கள் குறைவு. இரண்டுமே ஷூ பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தன. அந்த ஷூ பெட்டிதான் இந்தத் தொழிலின் கச்சாப் பொருள். படம் அரிதாக இருந்தவரை யாரும் அதைக் கத்தரிக்கவில்லை. படம் காகிதத்தை விட்டே போன பிறகு கத்தரிக்க ஒன்றும் இல்லை. இடையில் கிடைத்த சுமார் முப்பது ஆண்டுகளில்தான் இந்தத் தொழில் பிறந்து, கொழுத்து, மூச்சு வாங்கியது.

பழக்கம் மட்டும் புகைப்படத்தைவிட மூத்தது. படித்ததில் பிடித்ததை ஒரு நோட்டில் எழுதிச் சேர்ப்பது ஐரோப்பியக் கல்விமான்களின் வழக்கம். சேர்த்ததைத் திரும்பத் தேடி எடுப்பதற்காக ஜான் லாக் 1686-ல் ஓர் அட்டவணை முறையையே வெளியிட்டார். 1769-ல் ஜேம்ஸ் கிரேஞ்சர் இங்கிலாந்துப் பிரமுகர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைப் புத்தகமாகப் போட, வாசகர்கள் மற்ற புத்தகங்களிலிருந்து உருவப்படங்களைக் கிழித்தெடுத்து அதில் சேர்க்கத் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் அவர் பெயரிலேயே அதற்கு ‘கிரேஞ்சரைஸ்’ என்று ஒரு வினைச்சொல் உண்டாகிவிட்டது. நூலகர்களுக்கு இன்றும் வயிற்றெரிச்சல் தரும் சொல் அது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அச்சகங்கள் கல்லச்சில் பல வண்ணம் அடித்து, புடைப்புக் கொடுத்து, ஓரம் வெட்டிய பூக்களையும் தேவதைகளையும் தாள் தாளாக விற்றன. உருவங்களை ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கும் மெல்லிய காகித நாடாக்களை நறுக்கிவிட்டு ஒட்ட வேண்டும். இவற்றுக்குத்தான் ‘ஸ்கிராப்’ என்று பெயர். இன்றைய ஸ்டிக்கருக்குக் கொள்ளுப்பாட்டி முறை.

அந்த நாளில் பெரிய தொல்லை பசைதான். வேண்டும்போது டப்பாவில் காய்ந்து கிடக்கும், கிடைத்தால் வழியும், வழிந்தால் தாள் சுருங்கும். இதற்கு வழி கண்டவர் எழுத்தாளர் மார்க் ட்வெயின். பக்கங்களில் முன்கூட்டியே பசையைக் கோடு கோடாகத் தடவிக் காயவைத்த புத்தகம் ஒன்றை உருவாக்கி 1873-ல் காப்புரிமை வாங்கினார். ஈரம் தொட்டுத் துண்டை வைத்து அழுத்தினால் போதும். பசையைத் தேடும் மனிதர்கள் வாயிலிருந்து வரும் வசவுகளைக் குறைப்பதே தன் நோக்கம் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார். 1885-ல் செயின்ட் லூயிஸ் பத்திரிகை ஒன்று போட்ட கணக்கில், மற்ற எல்லாப் புத்தகங்களும் சேர்ந்து அவருக்கு 2 லட்சம் டாலர் தந்திருந்தன. ஒரு வரிகூட எழுதாத இந்தப் புத்தகம் மட்டும் 50,000 டாலர். வெறும் பக்கத்துக்கு இத்தனை விலை உண்டு என்பது நூறாண்டுக்குப் பிறகு வந்த வியாபாரிகளுக்குப் புதுச் செய்தி அல்ல.

அந்தக் காலத்து ஸ்கிராப்புக்கில் அதிகம் இருந்தது செய்தித்தாள் துண்டு. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் பி. ஆன்டனி தன் இயக்கத்தைப் பற்றிய செய்திகளை ஆண்டுக்கணக்கில் வெட்டி ஒட்டி, அந்தத் தொகுதிகளை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திடம் ஒப்படைத்தார். பிலடெல்பியாவில் வில்லியம் டார்சி என்ற கறுப்பினச் சேகரிப்பாளர் கிட்டத்தட்ட 400 ஸ்கிராப்புக்குகளை நிரப்பினார். மற்றவர்கள் எழுதப்போகும் வரலாற்றில் தங்களுக்கு இடம் இருக்காது என்று சந்தேகப்பட்டவர்கள் கத்தரியைக் கையில் எடுத்தார்கள். நோட்டு வாங்கக் காசு இல்லாதவர்களோ அரசு இலவசமாக அனுப்பிய விவசாய அறிக்கைகளின் மீதே ஒட்டினார்கள். அடியில் விளைச்சல் புள்ளிவிவரம், மேலே கவிதையும் மரண அறிவிப்பும். நுணுக்கமான காகிதப் பூக்கள் ஒட்டிய பிற்கால ஆல்பங்களைவிட இவை எனக்கு நெருக்கமாகத் தோன்றுகின்றன. அவற்றில் ஓர் அவசரம் தெரிகிறது.

கோடாக் நிறுவனத்தின் 1888 கேமராவின் விலை 25 டாலர். 100 படம் எடுத்ததும் பெட்டியையே தொழிற்சாலைக்கு அனுப்பி, 10 டாலர் கொடுத்துப் படங்களையும் புதுப் பிலிமையும் பெற வேண்டும். 1900-ல் வந்த அதே நிறுவனத்தின் பிரவுனி கேமராவின் விலை ஒரே டாலர். வீட்டுக்கு வீடு ஆல்பம் நுழைந்தது அதற்குப் பிறகுதான். கறுப்புத் தாள், வெள்ளை மை, படத்தின் நான்கு மூலைகளுக்கும் முக்கோணக் காகித உறை. படத்தில் ஒரு சொட்டுப் பசை படாது, வேண்டும்போது கழற்றலாம். தாள் மட்டும் நல்லதாக இருந்திருந்தால் இதைவிடச் சிறந்த முறை பின்னால் வரவே இல்லை எனலாம்.

தொழில் என்று சொல்லத்தக்க ஒன்று தொடங்கியது யூட்டா மாநிலத்தில். 1977 ஜனவரியில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஒரு குடும்பத்தின் தலைமுறைகளைச் சொல்லும் அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ தொலைக்காட்சித் தொடராக வந்தபின் தன் பாட்டன் பூட்டன் யார் என்று தேடும் ஆர்வம் அமெரிக்கா முழுவதும் பற்றிக்கொண்டது. யூட்டாவில் வேரூன்றிய மார்மன் என்ற கிறிஸ்தவத் திருச்சபைக்கு இது புதிதல்ல. வம்சாவளியைத் தேடுவதும் நாட்குறிப்பு எழுதுவதும் அங்கே சமயக் கடமைக்கு நிகர். 1980-ல் அந்தத் திருச்சபை சால்ட் லேக் சிட்டியில் நடத்திய உலக ஆவண மாநாட்டில், ஸ்பேனிஷ் ஃபோர்க் என்ற சிற்றூரைச் சேர்ந்த மாரிலென் கிறிஸ்டென்சன் தன் குடும்பத்துக்காக உருவாக்கிய 50-க்கும் மேற்பட்ட தொகுதிகளைக் காட்சிக்கு வைத்தார். படங்கள் பிளாஸ்டிக் உறைக்குள், பக்கத்தில் எழுத்து, மூன்று வளைய அட்டைக்குள் எல்லாம் வரிசையாக. எப்படிச் செய்தீர்கள், தாள் எங்கே கிடைக்கும் என்று பார்த்தவர்கள் கேட்டுத் துளைத்திருக்க வேண்டும். கணவரோடு சேர்ந்து வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை எழுதிய அவர், அடுத்து ஸ்பேனிஷ் ஃபோர்க்கிலேயே கடையும் திறந்தார்.

1987-ல் மினசோட்டாவில் கிரியேட்டிவ் மெமரீஸ் தொடங்கியது. இவர்கள் கடை வைக்கவில்லை. சமையலறை டப்பாக்கள் விற்ற அதே பாணியில், ஒரு பெண் தன் வீட்டு மேசையைச் சுற்றித் தோழிகளை உட்காரவைத்து ஒட்டக் கற்றுக்கொடுப்பார், பொருளையும் விற்பார். இந்தக் கூட்டங்களுக்கு ‘கிராப்’ என்று பெயர். படத்தின் ஓரத்தை வெட்டுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அங்கே முதலில் விற்கப்பட்டது அழகு அல்ல, அச்சம். உங்கள் ஆல்பம் உங்கள் படங்களைத் தின்றுகொண்டிருக்கிறது என்பார்கள். வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. விஷயம் உண்மை.

என்னிடம் அப்படி ஓர் ஆல்பம் இருக்கிறது. கடைக்காரர்கள் ‘மேக்னெடிக் ஆல்பம்’ என்று சொல்லி விற்ற வகை. காந்தம் எதுவும் அதில் இல்லை. தடித்த அட்டையில் பசை கோடு கோடாக ஓடும், மேலே ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாள் ஒன்று மூடும். அந்தத் தாளைத் தூக்கினால் இன்று சருகு மிதிபடும் சத்தம் கேட்கிறது. பசைக் கோடுகள் தேயிலைச் சாயம் ஏறியதுபோல் பழுப்பாகிவிட்டன. சில இடங்களில் பசை அடியோடு காய்ந்து படங்கள் வழுக்கி விழுகின்றன. சில இடங்களில் இரும்பாய்ப் பிடித்திருக்கிறது. விரலால் நெம்பினால் படம் வளைந்து, மேலே உள்ள படலம் வெடித்துவிடும். ஆவணக் காப்பாளர்கள் சொல்லும் வழி எளிமையானது: முதலில் பக்கத்தை அப்படியே படமெடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகில்லாத நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து, மரம் அறுப்பதுபோல் மெல்ல முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். ஒரு படத்தை எடுக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. இரண்டு படங்கள் வரவில்லை. அட்டையோடு சேர்த்தே வெட்டி வைத்திருக்கிறேன்.

குற்றவாளிகள் பலர். 1807-ல் ஜெர்மனியில் மோரிட்ஸ் இல்லிக் தாளில் மை பரவாமல் இருக்கப் படிகாரமும் மரப்பிசினும் சேர்க்கும் முறையைச் சொல்ல, அது மலிவு என்பதால் உலகமே அதன் பின்னால் போனது. படிகாரம் நாளடைவில் அமிலத்தை உண்டாக்கும். அமிலம் தாளின் நார்களைத் துண்டு துண்டாக்கும். பிறகு கந்தைத் துணிக்குப் பதில் மரக்கூழ் வந்தது. மரத்தில் உள்ள லிக்னின் வெளிச்சத்திலும் காற்றிலும் மஞ்சளாகும். செய்தித்தாள் ஒரே வாரத்தில் நிறம் மாறுவது அதனால்தான். 1950-களில் வில்லியம் பேரோ என்ற அமெரிக்கர், 20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அச்சான 500 புத்தகங்களின் தாளைச் சோதித்து, பெரும்பாலானவை இன்னும் ஐம்பது ஆண்டு தாங்காது என்று சொன்னபோது நூலகங்கள் திடுக்கிட்டன. இன்னொரு சங்கடம், அமிலம் இருந்த இடத்தில் இருக்காது. தொட்டுக்கொண்டிருக்கும் நல்ல தாளுக்கும் நகரும். ஒரு செய்தித்தாள் துண்டு எதிர்ப் பக்கத்தில் தன் அச்சான நிழலைப் பழுப்பாக விட்டுவிட்டுப் போவதைப் பழைய புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். துண்டை நல்ல தாளில் நகலெடுத்து ஒட்டுவதே உத்தமம்.

பிளாஸ்டிக்கிலும் சாதி உண்டு. பிவிசி உறை நாளாக நாளாக மென்மையூட்டிகளைக் கசியவிடும், அமில ஆவியையும் வெளியேற்றும். பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர் உறைகள் சாது. முகர்ந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்: புதுக் காருக்குள் அடிக்கும் வாசனை வந்தால் அந்த உறை வேண்டாம். ‘அமிலமற்றது’ என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது அவ்வளவு பெரிய உத்தரவாதம் அல்ல. ஆவணக் காப்பகத்துக்கு ஏற்றது என்று பொருள்படும் ‘ஆர்க்கைவல்’ என்ற சொல்லையோ யார் வேண்டுமானாலும் எதன் மீதும் போட்டுக்கொள்ளலாம். கேட்க வேண்டிய கேள்வி, ஐஎஸ்ஓ 18916 என்ற சோதனையில் தேறியதா என்பதுதான். சோதிக்கும் பொருளைப் புகைப்படப் பொருளோடு நெருக்கி வைத்து 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 86 சதவீத ஈரப்பதத்திலும் பதினைந்து நாள் வேகவைக்கிறார்கள். படம் மங்காமல், கறைபடாமல் இருந்தால் தேர்ச்சி. ஒன்றை மட்டும் எந்த ஆல்பமும் தடுக்க முடியாது. அந்தக் கால வண்ணப் படங்களின் சாயம் இருட்டிலேயே மங்கும். பச்சை வயல் சிவந்துபோன 1970-களின் படங்கள் வெயிலில் கெட்டவை அல்ல, பெட்டிக்குள் இருந்தபடியே வெளிறியவை. அவற்றுக்கு மருந்து குளிர்ச்சியும் வறட்சியும்தான்.

இனி வியாபாரத்துக்கு வருகிறேன். பக்கத்தின் அளவு 12-க்கு 12 அங்குலம் என்று ஆனது இந்தத் தொழிலின் மிகக் கெட்டிக்காரத்தனமான நகர்வு என்பது என் எண்ணம். அந்தச் சதுரம் வேறு எதற்கும் பொருந்தாது. ஆகவே தாள் அந்த அளவில் வாங்க வேண்டும்; பிளாஸ்டிக் உறை அந்த அளவில்; தாள் வெட்டும் கருவி அந்த அளவில்; வாங்கியதை அடுக்கும் அலமாரிகூட அந்த அளவில். வீட்டிலுள்ள அச்சுப்பொறியும் ஸ்கேனரும் அந்தப் பக்கத்தை விழுங்காது. அன்று அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 1996-ல் இந்தக் கைவேலைக்கென்றே பத்திரிகைகள் வந்தன. மே மாதத்தின் முதல் சனிக்கிழமை அமெரிக்காவில் ஸ்கிராப்புக் நாள் ஆனது. 2000-களின் நடுவில் தொழில்துறைக் கணக்கெடுப்புகள் ஆண்டு விற்பனையைச் சுமார் 250 கோடி டாலர் என்றன.

ஒட்டுபவர்கள் நடுவே அடிக்கடி புழங்கிய ஒரு பேச்சு, நான் மூன்று வருடம் பின்தங்கியிருக்கிறேன் என்பது. பிள்ளைக்கு எட்டு வயது, ஆல்பம் ஐந்து வயதில் நிற்கிறது. யாருக்குப் பின்தங்கினார்கள்? பொழுதுபோக்காகத் தொடங்கியது தவணை பாக்கிபோல் ஆகிவிட்டது. பக்கம் அழகாக ஆக ஒரு பக்கத்துக்கு ஆகும் நேரம் கூடியது, நேரம் கூடக் கூட பாக்கி ஏறியது, பாக்கி ஏறினால் மறுபடி ஒரு கிராப் கூட்டம், மறுபடி கொள்முதல். குற்ற உணர்வை எரிபொருளாக ஊற்றி ஓடிய வண்டி இது. இந்த அலுப்புக்கு மாற்றாகத்தான் பெக்கி ஹிக்கின்ஸ் என்பவரின் ‘ப்ராஜெக்ட் லைஃப்’ முறை பிறகு எடுபட்டது: உறையின் அறைகளில் படத்தையும் ஒரு சிறு அட்டையையும் சொருகினால் பக்கம் முடிந்தது. பசையும் வேண்டாம், கத்தரியும் வேண்டாம்.

சரிவு வெளியிலிருந்துதான் வந்தது. 2003-ல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனை பிலிம் கேமராவை முந்தியது. அச்சிடுவது தானாக நடப்பது போய், தேர்ந்தெடுத்துச் செய்ய வேண்டிய வேலையானது. ஷூ பெட்டி நிரம்புவது நின்றது. கிரியேட்டிவ் மெமரீஸின் தாய் நிறுவனமான ஆன்டியோக், விற்பனை உச்சத்தில் இருந்த அதே 2003-ல் முழுக்க ஊழியர் பங்குத் திட்டத்தின் உடைமையாகியிருந்தது. விலகும் ஊழியர்களின் பங்குக்கு நிறுவனம் பணம் கொடுத்தாக வேண்டும். பலர் விலகினார்கள், விற்பனையும் விழுந்தது. 2008-லும் மறுபடி 2013-லும் திவால் மனு. அந்தப் பெயர் கை மாறி இன்றும் இருக்கிறது. ஆர்க்கைவர்ஸ் என்ற கடைச் சங்கிலி 2014-ல் மூடப்பட்டது. கைவினைப் பொருள்களின் பெருங்கடையான ஜோஆன் 2025-ல் தன் கிளைகள் அத்தனையையும் மூடியது. அதற்கு வேறு கடன் காரணங்களும் உண்டு.

காசு முழுவதும் போய்விடவில்லை, இடம் மாறியது. கணினி சொன்னபடி தாளை வெட்டும் கிரிகட் இயந்திரம் ஸ்கிராப்புக்காரர்களை நம்பித்தான் பிறந்தது; இன்று அதில் டீ-சட்டைக்கும் கோப்பைக்கும் எழுத்து வெட்டுகிறார்கள். 2021-ல் பங்குச் சந்தைக்குப் போன அந்நிறுவனம், அதே மாதம், சந்தா கட்டாதவர்கள் மாதம் 20 வடிவங்களுக்கு மேல் பதிவேற்றக் கூடாது என்று அறிவித்து, வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்ததும் பின்வாங்கியது. ஜப்பானில் 1923-ல் ஈ பிடிக்கும் ஒட்டுத்தாள் செய்யத் தொடங்கிய கமோய் நிறுவனம், பின்னாளில் பெயின்டர்களுக்கான காகித நாடா செய்து, அதற்கே பூ வேலைப்பாடு சேர்த்து, இளைஞர்களின் நாட்குறிப்புகளுக்குள் ‘வாஷி டேப்’ ஆக நுழைந்துவிட்டது. ஈயில் தொடங்கி டைரிக்கு வந்த பயணம் இது.

இத்தனை பொருளும் வாங்கியவர்கள் எதைக் காப்பாற்றினார்கள் என்று பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. 1990-களின் ஆல்பங்களில் படங்களை இதயமாகவும் நட்சத்திரமாகவும் வெட்டுவது நாகரிகம். முகத்தை வைத்துக்கொண்டு சுற்றியிருந்ததை எறிந்தார்கள். எறிந்ததில் என்ன இருந்தது? சுவர்க் காலண்டர், டெலிவிஷன் பெட்டி, கார், மேசை விரிப்பு. இன்று அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆல்பத்தைத் திறந்தால் தேடுவது அதையெல்லாம்தான். தங்கள் முகம் எப்படி இருந்தது என்று காட்ட வேறு நூறு படம் இருக்கிறது. இரண்டாவது பிரதி இருக்கிறது என்ற தைரியத்தில் வெட்டினார்கள். அந்தப் பிரதி எந்தப் பெட்டியில் போனது என்று எத்தனை வீட்டில் தெரியும்?

2014-ல் உளவியலாளர் லிண்டா ஹென்கல் ஓர் அருங்காட்சியகத்தில் மாணவர்களைச் சுற்றவிட்டுச் சோதித்தார். சில பொருள்களைப் படமெடுக்கச் சொன்னார், சிலவற்றைப் பார்க்க மட்டும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படமெடுத்த பொருள்கள்தான் குறைவாக நினைவிருந்தன. ஆனால் ஏதாவது ஒரு பகுதியை நெருங்கிப் பெரிதாக்கிப் படமெடுத்திருந்தால் நினைவு குறையவில்லை. ஸ்கிராப்புக்கின் நியாயத்தை யாராவது கேட்டால் நான் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன். 72-ல் மூன்றை எடுத்து, ஏன் இந்த மூன்று என்று யோசித்து, அருகே இரண்டு வரி எழுதுகிறவர் அந்த நாளை நெருங்கிப் போய்ப் பார்க்கிறார். பூவும் நாடாவும் இல்லாவிட்டாலும் அது நடக்கும். எழுதுவதிலும் ‘மறக்க முடியாத நாள்’ என்று எழுதிப் பயனில்லை. இடமிருந்து வலமாக யார் யார், எந்த ஊர், எந்த வருடம், படம் எடுத்தது யார் என்று எழுத வேண்டும். படத்தின் பின்புறம் என்றால் மென்மையான பென்சில். பால்பாயின்ட் பேனா முன்பக்கத்தில் பள்ளம் விழவைக்கும்.

பெயர் எழுதாத படங்களுக்கு ஒரு சந்தை இருக்கிறது. அமெரிக்காவில் பழம்பொருள் கடைகளில் அவற்றைக் கூடை கூடையாக வைத்திருப்பார்கள். ‘உடனடி மூதாதையர்’ என்று பலகை எழுதி மாட்டுவது வியாபாரிகளின் பழைய வேடிக்கை. வாங்குகிறவர்களில் ஒரு பகுதியினர் இப்போது பரவிவரும் ‘ஜங்க் ஜர்னல்’ செய்பவர்கள். மீசை வைத்த யாரோ ஒருவரையும் அவர் அருகே நாற்காலியில் அமர்ந்த யாரோ ஒரு பெண்மணியையும் வெட்டி, பழைய டிக்கெட்டுக்கும் உலர்ந்த இலைக்கும் நடுவே அலங்காரமாக ஒட்டுகிறார்கள். அந்தப் படங்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது பிரதி கிடையாது.